வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்து



கரிஞ்சாவைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர், “குடிச்சே செத்துப்போனாரே, அவரா?” என்று கேட்டார். அவரேதான். இரண்டு கால்பந்து உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் அணியில் வலது விங்கில் ஆடியவர். 49 வயதில் கல்லீரல் கெட்டுச் செத்தவர். நடுவில் நடந்ததை நமக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்லிவைத்திருக்கிறார்கள்: கள்ளங்கபடமில்லாத காட்டுப்பிள்ளை, வளைந்த காலோடு பிறந்தான், பறவை மாதிரி ஆடினான், பணத்தின் மதிப்புத் தெரியாது, சூது தெரியாது, கடைசியில் குடி கொண்டுபோய்விட்டது.

இதில் பாதிக்கு மேல் உண்மைதான். என் சந்தேகம் வேறு இடத்தில். ஒரு மனிதன் கள்ளங்கபடமில்லாதவன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால், அப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். இன்று அதைத்தான் உங்களோடு சேர்ந்து கேட்கப்போகிறேன். ஆட்டத்தைப் பற்றியும் பேசுவேன், கவலைப்படாதீர்கள். ஆட்டத்தை விட்டுவிட்டுக் கரிஞ்சாவைப் பேசுவதற்கு இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில், மலையடிவாரத்தில், மாஜே வட்டாரத்தில் பாவ் கிராண்டே என்று ஒரு சிற்றூர். ஊர் என்பதைவிட ஆலை என்று சொல்லிவிடலாம். அமெரிக்கா ஃபப்ரில் என்ற துணி ஆலை. நிர்வாகம் ஆங்கிலேயர்கள் கையில். வீடு ஆலையுடையது, சம்பளம் ஆலையுடையது, ஊரின் கால்பந்து அணியும் ஆலையுடையது. 1933 அக்டோபர் 28 அன்று அங்கே பிறந்த பிள்ளைக்கு மானுவல் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் ‘மானே’. உடம்பு சின்னதாக இருந்ததால் அக்கா ரோசா, ஒரு குட்டிக் காட்டுக் குருவியின் பெயரைச் சொல்லி ‘கரிஞ்சா’ என்று கூப்பிட்டாள். அதுவே நின்றுவிட்டது.

கால்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வலது கால் உள்பக்கமாக வளைந்தது, இடது கால் வெளிப்பக்கமாக. அதாவது முழங்கால்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கால் மற்றதைவிட 6 சென்டிமீட்டர் குட்டை என்று எழுதுகிறார்கள். புகைப்படத்தைப் பாருங்கள், நேராக நிமிர்ந்து நிற்கும்போதுகூட எதிர்க்காற்றில் நடப்பவரைப்போல் ஒருக்களித்துத்தான் தெரிவார்.

பதினான்கு வயதில் ஆலைக்குள் போனார். வேலையில் சூரர் என்று யாரும் சொன்னதில்லை. பஞ்சுப் பெட்டிக்குள் சுருண்டு தூங்கிவிடுவார் என்றுதான் சொன்னார்கள். வேறு பையனாக இருந்திருந்தால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். இவர் ஆலை அணிக்கு ஞாயிற்றுக்கிழமை கோல் போட்டுக்கொடுத்தார். அதனால் திங்கட்கிழமை தூங்கினால் பரவாயில்லை. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையில் முதலாளிகள் மாறினார்களே தவிர ஏற்பாடு மாறவில்லை. கால் ஓடும்வரை எதையும் மன்னிப்பார்கள். மன்னிப்பதால் கூலியை ஏற்ற வேண்டியதில்லை.

பெரிய கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்ற துடிப்பு அவருக்குக் குறைவு. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா அரங்கில் உலகக் கோப்பைக்கான ஆட்டத்தில் உருகுவேயிடம் பிரேசில் தோற்று நாடே இழவு வீடாக ஆனபோது, பதினாறு வயதுக் கரிஞ்சா மீன் பிடிக்கப் போயிருந்தார். வாஸ்கோவுக்குத் தேர்வுக்குப் போனார், பூட்ஸ் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். ஃபுளுமினென்ஸேவுக்குப் போனார், கடைசி ரயில் போய்விடுமென்று பாதியில் எழுந்து வந்துவிட்டார். இப்படிச் சொல்கிறார்கள். 1953இல்தான் ஒருவர் வற்புறுத்தி பொட்டாஃபோகோவுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பயிற்சி ஆட்டத்தில் அவரை மறித்து நின்றவர் நில்டன் சான்டோஸ். அப்போதே பிரேசில் அணியின் இடது பின்கள ஆட்டக்காரர். பந்தை நில்டனின் கால்களுக்கு நடுவே தள்ளிவிட்டு ஒரு பட்டிக்காட்டுப் பையன் கடந்து போனதாகக் கதை. கால்களுக்கு நடுவிலா, பக்கத்திலா என்று இன்னும் தகராறு நடக்கிறது. கடந்து போனது உண்மை. ஆட்டம் முடிந்ததும் நில்டன் கிளப்காரர்களிடம் போய், இவனை உடனே எடுத்துவிடுங்கள், எதிரணியில் இவனைச் சந்திக்க எனக்கு விருப்பமில்லை என்ற பொருளில் சொன்னார். அந்த ஆண்டு ஜூலையிலேயே பான்சுசெசோ அணிக்கு எதிராகக் கரிஞ்சா மூன்று கோல் போட்டார்.

இனி அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கரிஞ்சாவிடம் நூறு வித்தைகள் இருக்கவில்லை. ஒன்று இருந்தது. வலது ஓரத்தில் பந்தை வாங்குவார். ஓடி வரமாட்டார், நிற்பார். பந்தும் நிற்கும். எதிரே வந்தவனும் வேறு வழியில்லாமல் நிற்பான். கால்பந்தில் இது விசித்திரம். ஓடிக்கொண்டே ஏமாற்றுபவர்கள் நிறையப் பேர் உண்டு. அசையாமல் நின்று ஏமாற்றுபவர் அபூர்வம். நின்றபடி உடம்பை இடது பக்கம் சாய்ப்பார். பந்தைத் தொடமாட்டார். எதிராளியின் எடை அந்தப் பக்கத்துக் காலுக்குப் போகும். திரும்பவும் பழைய நிலை. இன்னொருமுறை சாய்வார். பிறகு வலப்பக்கம், கோட்டை ஒட்டி, பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். முதல் நாலைந்து அடியில் அவருக்கு இருந்த வேகம் அந்தக் காலத்தில் வேறு யாருக்கும் இல்லை. சடுகுடு பார்த்தவர்களுக்கு இது புரியும்; பாடி வருபவன் கோட்டருகே கையை ஆட்டிக்கொண்டு நிற்கும்போது, பிடிக்க நிற்பவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

ஒவ்வொரு முறையும் வலப்பக்கம்தான் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். மறிப்பவனுக்குத் தெரியும், அவன் பயிற்சியாளருக்குத் தெரியும், மேலே உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? எப்போது என்று தெரியாதே. ஓரத்தில் கடந்தபின் கோல் எல்லைக்கோடு வரை போய்ப் பந்தைப் பின்னோக்கி உள்ளே இழுத்துக்கொடுப்பார். நடுவில் வருபவன் கால் வைத்தால் கோல். 1958 இறுதியாட்டத்தில் சுவீடன் முதலில் ஒரு கோல் போட்டது. பிரேசில் பதிலுக்குப் போட்ட முதல் இரண்டு கோல்களும், இரண்டையும் வாவாதான் போட்டார், அச்சில் வார்த்தாற்போல் ஒன்றேபோல் இருக்கும். ஒன்பதாவது நிமிடத்தில் நடந்தது முப்பத்திரண்டாவது நிமிடத்தில் மறுபடி நடந்தது. நடுவில் சுவீடன்காரர்களுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் யோசிக்க நேரம் இருந்தது.

அதே 1958இன் தொடக்கத்தில் பொட்டாஃபோகோ மெக்சிகோவில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டோடு ஆடியது. வைரோ என்ற பின்கள ஆட்டக்காரரைக் கரிஞ்சா ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கூட்டம் காளைச் சண்டையில் கத்துவதுபோல் ‘ஓலே’ என்று கத்தியது. கால்பந்து மைதானத்தில் அந்தக் கூவல் பிறந்தது அன்றுதான் என்று அப்போது பொட்டாஃபோகோவின் பயிற்சியாளராக இருந்த ஜோவோ சல்தானா எழுதிவைத்தார். சல்தானா கதை சொல்வதில் வல்லவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு சுவீடனில் உலகக் கோப்பை. பிரேசில் கூட்டமைப்பு முதன்முறையாக ஓர் உளவியலாளரைக் கூட்டிப்போனது. பெயர் ஜோவோ கார்வல்ஹாயெஸ். சாவோ பாவ்லோ நகரப் பேருந்து ஓட்டுநர்களுக்குத் தேர்வு வைத்த அனுபவம் உள்ளவர். ஆட்டக்காரர்களுக்கும் தேர்வு வைத்தார். 123க்குக் கரிஞ்சா 38 எடுத்தார் என்பார்கள். பேருந்து ஓட்டக்கூட அது போதாது. ஒரு மனிதனை வரையச் சொன்னாராம். கரிஞ்சா தலை பெருத்த ஓர் உருவத்தை வரைந்து, இது எங்கள் கிளப்பின் குவாரென்டின்யா என்றாராம். குவாரென்டின்யாவுக்கு உண்மையிலேயே தலை பெரியது. பதினேழு வயதுப் பெலேயைப் பற்றி, இன்னும் குழந்தைத்தனம் போகாதவன் என்று அதே உளவியலாளர் எழுதினார். பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார், பின்பற்றவில்லை.

ஆனால் முதல் இரண்டு ஆட்டங்களில் கரிஞ்சாவும் பெலேயும் ஆடவில்லை. பெலேவுக்கு முழங்காலில் அடி. கரிஞ்சாவுக்கு வேறு காரணம் சொல்வார்கள். உலகக் கோப்பைக்கு முன் இத்தாலியில் ஃபியோரென்டினாவோடு நட்பாட்டம். தடுக்க வந்தவர்களையெல்லாம் கடந்து, கோல்கீப்பரையும் கடந்து, காலிக் கோலுக்கு முன்னால் பந்தோடு நின்றுவிட்டார். இன்னொருவன் ஓடி வரும்வரை காத்திருந்து அவனையும் ஏமாற்றிவிட்டுத்தான் பந்தை உள்ளே தள்ளினார். இவனை நம்பி எப்படி இறக்குவது என்று மேலிடத்தில் பயந்தார்களாம்.

இங்கிலாந்தோடு கோலில்லாமல் முடிந்தபின் மூன்றாவது ஆட்டம் சோவியத் யூனியனோடு. ஜூன் 15, கோத்தன்பர்க். கோலில் லெவ் யாஷின். சோவியத் அணி அறிவியல் முறையில் பயிற்சி பெற்றது, இயந்திரம்போல் ஆடும் என்றெல்லாம் ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகவில்லை; கரிஞ்சா ஓரத்தில் குஸ்நெட்சோவைக் கடந்து உதைத்த பந்து கம்பத்தில் மோதி அதிர்ந்தது. அடுத்துப் பெலே உதைத்ததும் சட்டத்தில் பட்டது. மூன்றாம் நிமிடத்தில் டிடி கொடுத்த பந்தில் வாவா கோல் போட்டார். கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஹானோ எழுதினார். பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து உலகக் கோப்பையில் ஆடிய முதல் ஆட்டம் அது. இருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. மொத்தம் 40 ஆட்டங்கள்.

கோப்பையோடு ஊர் திரும்பியதும் கதைகளும் திரும்பின. எனக்கு முக்கியமான இடம் இது.

ஃபியோலா பலகையில் கோடு போட்டு, நீ இவனைக் கடப்பாய், பந்தை அங்கே கொடுப்பாய், இன்னார் கோல் போடுவார் என்று விளக்கியபோது, “இதையெல்லாம் ரஷ்யாக்காரர்களிடம் பேசி முடித்துவிட்டீர்களா?” என்று கரிஞ்சா கேட்டதாக ஒரு கதை. சுவீடனில் ரேடியோப் பெட்டி வாங்கினார். இது சுவீடன் பாஷைதான் பேசும், பிரேசிலில் உதவாது என்று அணியைச் சேர்ந்த ஒருவர் சொல்லி, அடிமாட்டு விலைக்கு அதைத் தட்டிக்கொண்டார் என்று இன்னொரு கதை. தட்டிக்கொண்டவர் யார் என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தன்னை மறிக்க வருபவன் யாரென்றே இவர் கவனிப்பதில்லை, எல்லோரும் இவருக்கு ‘ஜோவோ’தான் என்று மூன்றாவது. ஜோவோ என்பது அங்கே தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர்.

1995இல் ருய் காஸ்ட்ரோ கரிஞ்சாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பொட்டாஃபோகோவின் சட்டையில் இருக்கும் ஒற்றை நட்சத்திரத்தையே நூலின் தலைப்பாக வைத்தார். கரிஞ்சாவின் மகள்கள் வழக்குப் போட்டார்கள், அது தனிக்கதை. இந்த வேடிக்கைக் கதைகளில் பல சாண்ட்ரோ மொரேரா என்ற பத்திரிகையாளர் கட்டிவிட்டவை என்று காஸ்ட்ரோ சொல்கிறார். மொரேரா பொட்டாஃபோகோ ரசிகர், கரிஞ்சாவின் நண்பர். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. பத்தியை நிரப்ப வேண்டும், வாசகனைச் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எதிரணியில் ஆடப்போகிறவன் வெள்ளிக்கிழமை பேப்பரில், உன் பெயர்கூட அவனுக்கு முக்கியமில்லை என்று படிக்கிறான். அவன் மைதானத்துக்கு வரும்போது எதைக் குறிவைத்து வருவான்? அந்த முழங்காலைத்தான்.

இன்னொரு விளைவு இதைவிடப் பெரியது. ரேடியோவில் ஏமாந்தவன், ஒப்பந்தத்திலும் ஏமாறத்தானே செய்வான்! ஊருக்கே வேடிக்கை. கரிஞ்சா வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். தொகையைக் கிளப் பிற்பாடு நிரப்பிக்கொள்ளும். இதையும் அவருடைய வெள்ளை மனசுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லிவந்தார்கள். நான் கேட்பது எளிய கேள்வி. அவருக்குப் படிப்பு போதாது, சரி. தொகையை நிரப்பியவர்களுக்குப் படிப்பு இருந்தது அல்லவா? தாளை அவர் முன்னால் நீட்டியவரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதைகூடக் கிடையாதே, ஏன்?

அன்றைய பிரேசில் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரனின் பதிவு கிளப்பின் சொத்து. கிளப் விடுவித்தால்தான் வேறிடம் போகலாம். இந்த முறை ஒழிந்தது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்குப் பெலே சட்டம் என்றே பெயர்; விளையாட்டு அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் பெலே. உளவியலாளரால் குழந்தை என்று எழுதப்பட்ட அதே பெலே. கரிஞ்சாவைப் பொறுத்தவரை அது நாற்பது ஆண்டு தாமதம்.

1962க்கு வருவோம். சிலி. கரிஞ்சாவின் வாழ்க்கையில் ஒரே ஒரு மாதத்தைத்தான் நீங்கள் பார்க்க முடியும் என்றால் இந்த மாதத்தைப் பாருங்கள்.

இரண்டாவது ஆட்டத்தில், செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக, பெலேவுக்குத் தொடையில் தசை கிழிந்தது. அதோடு அவருக்குத் தொடர் முடிந்தது. அவர் இடத்துக்கு வந்த அமரில்டோ, ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு அணியைக் காப்பாற்றினார். காலிறுதி இங்கிலாந்தோடு, வின்யா டெல் மாரில். நடுவில் ஒரு நாய் மைதானத்துக்குள் வந்துவிட்டது. கரிஞ்சா பிடிக்கப் போனார். நாய் அவரையே ஏமாற்றிவிட்டு ஓடியது. இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் நாலு காலில் தவழ்ந்து பிடித்தார். நாய் அவர் சட்டையை நனைத்தது. அந்த நாய் பிற்பாடு கரிஞ்சாவிடமே போய்ச் சேர்ந்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். அன்று கரிஞ்சா தலையால் ஒரு கோல் போட்டதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். 169 சென்டிமீட்டர் உயரம். சுற்றிலும் நெடுநெடுவென்று ஆங்கிலேயப் பின்களம். சாகாலோ அடித்த கார்னரில் அவர்கள் நடுவே எழுந்து முட்டினார். பிறகு அவர் உதைத்த ஃப்ரீ கிக்கைக் கோல்கீப்பர் கையில் நிறுத்த முடியாமல் விட, வாவா கோலாக்கினார். பிறகு பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து ஒன்று. 3–1.

அரையிறுதி சிலியோடு, சான்டியாகோவில், சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால். ஒன்பதாவது நிமிடத்தில் இடது காலால் ஒரு கோல். கவனியுங்கள், இடது கால். பிறகு கார்னரில் தலையால் இன்னொன்று. 4–2. கரிஞ்சா எந்தக் கிரகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று சிலி நாட்டுப் பத்திரிகை ஒன்று தலைப்புப் போட்டது.

ஒரே வித்தை தெரிந்தவர் என்று சற்று முன்பு நானே சொன்னேன். பெலே இல்லாத அணிக்கு ஓரத்திலிருந்து பந்து கொடுத்தால் மட்டும் போதாது என்பதைப் பார்த்து, நடுவுக்கு வந்து, இடது காலையும் தலையையும் நீண்டதூர உதையையும் ஒரே வாரத்தில் எடுத்துக் காட்டிய இந்த மனிதனுக்கா 123க்கு 38? அணிக்கு எது தேவை என்று கணக்குப் போட்டு ஆட்டத்தை மாற்றிக்கொள்பவனைக் குருவி என்றும் குழந்தை என்றும் சொல்வது எனக்கு ஒட்டவில்லை. கால்பந்தில் அறிவு என்று ஒன்று இருந்தால் அந்த ஜூனில் அதை அவரைவிட அதிகமாக யாரும் காட்டவில்லை.

அந்த அரையிறுதியிலேயே, ஆட்டம் முழுக்க உதை வாங்கிக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுமை இழந்து சிலியின் எலாடியோ ரோஹாஸைத் திருப்பி உதைத்தார். வெளியேற்றப்பட்டார். போகும்போது கூட்டத்திலிருந்து ஏதோ பறந்துவந்து தலையைக் கிழித்தது. இறுதியாட்டத்தில் அவர் ஆட முடியாமல் போக வேண்டியது. பிரேசில் அரசே தலையிட்டது. பிரதமர் தந்தி அடித்தார். சம்பவத்தைப் பார்த்த உருகுவே லைன்ஸ்மேன், விசாரணைக்கு முன் நாட்டைவிட்டே போய்விட்டார். கரிஞ்சாவை விட்டுவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். காய்ச்சலோடு இறுதியாட்டம் ஆடினார். பிரேசில் 3–1. நான்கு கோல் போட்டு அந்தத் தொடரில் அதிகக் கோல் அடித்தவர்களில் ஒருவர்.

அந்த டிசம்பரில் ரியோ மாநிலக் கோப்பைக்கான இறுதியாட்டம். மரக்கானாவில் ஃபிளமெங்கோவை 3–0 என்று பொட்டாஃபோகோ வென்றது. இரண்டு கோல் கரிஞ்சாவுடையது. 29 வயது. பெரிய ஆட்டம் என்று சொல்லத்தக்கது அதுவே கடைசி.

முழங்கால் தேய்ந்துவிட்டது. வளைந்த காலில் வருடத்துக்கு இத்தனை ஆட்டம் என்றால் குருத்தெலும்பு என்ன செய்யும்? பொட்டாஃபோகோ உலகம் சுற்றி நட்பாட்டம் ஆடிச் சம்பாதித்த கிளப். கரிஞ்சா இறங்கினால் ஒரு கட்டணம், இறங்காவிட்டால் குறைந்த கட்டணம். ஆகவே ஊசி போட்டு இறக்கினார்கள். வீக்கத்தை வடித்தார்கள், மறுபடி இறக்கினார்கள். 1963இல் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு அவர் முரண்டு பிடித்தபோது, நன்றி கெட்டவன் என்று பேச்சு வந்தது. வெள்ளை மனசுக்காரன் கணக்குக் கேட்கக் கூடாதல்லவா! 1964 செப்டம்பரில்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது. 600 ஆட்டங்களுக்கு மேல் ஆடி 240 கோல்களுக்கு மேல் போட்டவரைப் பொட்டாஃபோகோ பிறகு கொரிந்தியன்ஸுக்கு விற்றது.

1966 உலகக் கோப்பைக்கு அவரைக் கூட்டிப்போனதே பழைய பெயருக்காகத்தான். பல்கேரியாவுக்கு எதிராகப் பெலே ஒரு ஃப்ரீ கிக், கரிஞ்சா ஒரு ஃப்ரீ கிக், 2–0. இருவரும் சேர்ந்து ஆடியது அதோடு சரி. அடுத்தது ஹங்கேரி, லிவர்பூலில், 1–3. தேசிய அணிக்காக அவருடைய 50ஆவது ஆட்டம், கடைசி ஆட்டம், அவர் தோற்ற ஒரே ஆட்டம்.

எல்சா சோரெஸைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ரியோவின் குடிசைப் பகுதியில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே கட்டாயக் கல்யாணம் செய்துவைத்தார், பதின்மூன்றில் தாய், இருபத்தொன்றில் விதவை. வானொலிப் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு அம்மாவின் உடையை ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டு போனபோது, நடத்துனர் ஆரி பரோசோ, நீ எந்தக் கிரகத்திலிருந்து வந்திருக்கிறாய் என்று கேலியாகக் கேட்டார். பசி என்ற கிரகத்திலிருந்து என்றார் எல்சா. சிரித்த கூட்டம் அடங்கிவிட்டது. பிரேசிலின் பெரிய சம்பா பாடகிகளில் ஒருவரானார். 1962இல் அணியை உற்சாகப்படுத்தச் சிலிக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். கரிஞ்சாவைச் சிலிக்காரர்கள் எந்தக் கிரகம் என்று கேட்டார்களே, அதே கேள்விக்குப் பல வருடம் முன்பே பதில் சொன்ன பெண் அந்த ஊரிலேயே இருந்தார்.

கரிஞ்சாவுக்கு மனைவியும் எட்டுப் பெண் பிள்ளைகளும் பாவ் கிராண்டேயில். அவர்களை விட்டுவிட்டு எல்சாவோடு வாழ வந்தார். நாடு எல்சாவைத்தான் திட்டியது. குடும்பத்தைக் கெடுத்தவள், ஆட்டத்தைக் கெடுத்தவள். வீட்டுக்குக் கல்லெறிந்தார்கள். சாராயக் கடைகளுக்குப் போய் இவருக்கு ஊற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது அந்தப் பெண்தான். குடி எல்சாவால் தொடங்கியதல்ல. அப்பா அமாரோவும் குடித்தே போனவர். கரும்புச் சாராயம் அந்த ஊரில் தண்ணீருக்கு அடுத்தபடி. 1969இல் கரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதி எல்சாவின் தாய் இறந்தார். இராணுவ ஆட்சிக் காலம். வீட்டின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபின் இருவரும் ரோமுக்குப் போனார்கள். அங்கே பிரேசில் காப்பி நிறுவனத்துக்காகக் காப்பியை விளம்பரப்படுத்தும் வேலை பார்த்தார். குடித்துவிட்டு எல்சாவை அடித்தார். இதை மறைக்க எனக்கு உரிமையில்லை. எல்லாரிடமும் ஏமாந்தவர் என்று ஒரு மனிதனுக்காகப் பரிந்து பேசும்போது, அவரிடம் அடி வாங்கியவரை மறந்துவிடக் கூடாது. 1977இல் எல்சா பிரிந்தார். அவர்களுடைய ஒரே மகன் ஒன்பது வயதில் கார் விபத்தில் இறந்தான். அதைப் பார்க்கக் கரிஞ்சா உயிரோடு இல்லை. எல்சா தொண்ணூறு தாண்டியும் பாடினார். 2022 ஜனவரி 20 அன்று இறந்தார். கரிஞ்சா இறந்ததும் ஜனவரி 20.

1973 டிசம்பரில் மரக்கானாவில் வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள். 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே நிறுத்தி, மைதானத்தைச் சுற்றி ஓடி விடைபெற்றார். 1980 கார்னிவலில் மங்கேரா சம்பா பள்ளி அவரை அலங்கார ஊர்தியில் உட்கார வைத்தது. மருந்து மயக்கத்தில் தலை தொங்க உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத் தொலைக்காட்சியில் நாடு பார்த்தது. 1983இல் இறந்தபோது உடலை மரக்கானாவில் வைத்தார்கள், தீயணைப்பு வண்டியில் மாஜே வரை ஊர்வலம், சாலையெல்லாம் ஜனம். பிரேசிலுக்கு அவரை ‘மக்களின் மகிழ்ச்சி’ என்று அழைத்துப் பழக்கம். கல்லறையிலும் அப்படியே எழுதினார்கள்.

தலைநகர் பிரசிலியாவில் அவர் பெயரில் ஓர் அரங்கம் உண்டு. 2014 உலகக் கோப்பைக்காக அதை இடித்துக் கட்டினார்கள்; அந்தத் தொடரின் அரங்குகளில் அதிகச் செலவு அதற்குத்தான். கட்டுமானத்தில் ஊழல் என்று 2017இல் முன்னாள் ஆளுநர்கள் இருவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டில்தான் மாஜே இடுகாட்டு நிர்வாகம், கரிஞ்சாவின் எலும்புகள் இப்போது எந்தக் குழியில் இருக்கின்றன என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. அவர் பெயரில் எவ்வளவு தொகை எழுதலாம் என்பது மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

தேநீருக்குப் பிறகு இங்கே ஒரு படம் போடப்போகிறோம். ஜோவாகிம் பெட்ரோ டி அந்த்ராடே 1963இல் எடுத்த ஆவணப்படம். கரிஞ்சா இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோது எடுத்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோல்களைப் பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கலாம், ஏனென்றால் இயக்குநர் பாதி நேரம் கேமராவை ரசிகர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். வாய் திறந்தபடி, பல் இல்லாமல், சட்டை கிழிந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிற முகங்கள். நடுவில் பாவ் கிராண்டேயும் வரும், அந்த ஆலையும் வரும். ஆலை வரும் இடத்தில் எழுந்து போய்விடாதீர்கள்.

திரையைக் கட்டும்வரை நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பெலே பெரியவரா, கரிஞ்சா பெரியவரா என்ற கேள்வியை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்வோம். தொடங்கினால் படம் போட முடியாது.